காலி ஃபோல்டருக்கு நல்ல நேரம்

1. புது ஆள் வேலைக்குச் சேர்ந்த கதை

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்த மாதிரி பேச வேண்டாம். ஆனால் மேற்குத் தாம்பரத்தில் ஸ்கிரிப்ட் வைத்து ஆல்பம் லேப் நடத்திய முதல் ஆள் நான்தான். இரண்டாவது ஆள் யார் என்று தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

லேப் என்றால் ரத்தம் பார்க்கிற இடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணத்தில் படம் எடுத்து, பக்கம் பக்கமாக டிசைன் செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, ஷீட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டி, அழுத்தி, வெட்டி, அட்டை போட்டுத் தருவோம். முன்பெல்லாம் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஆளே நேரில் வர வேண்டும். பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் டிராஃபிக்கில் நின்றே அவர்களுக்குப் பாதி நாள் போய்விடும். அதைப் பார்த்துத்தான் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தேன். அது எந்த ஊரில் இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு ஸ்டுடியோவுக்கும் ஒரு பாஸ்வேர்டு. அவரவர் இடத்தில் இருந்தபடியே ஒரு ஃபோல்டர் போட்டு, படங்களை அதில் ஏற்றிவிட்டால் போதும்.

போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சர்வரில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று யாராவது பார்க்க வேண்டுமே. கடையில் ஆளாளுக்குத் திறந்து பார்த்தார்கள். ஒருவர் எடுத்ததை இன்னொருவரும் எடுத்தார். வண்டலூர் ஸ்டுடியோ ஒன்று ‘ஃபைனல்’ என்று ஃபோல்டர் போட்டு, எதையோ திருத்துகிறேன் என்று அதையே மறுபடி மறுபடி தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களும் அதை மறுபடி மறுபடி எடுத்தார்கள். ஒரே மஞ்சள் நீராட்டு விழா ஆல்பம் மூன்று காப்பி வந்தது. பெண்ணின் தாய்மாமனுக்கு மட்டும் ரொம்பச் சந்தோஷம்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் பிரபாகர். சிறுசேரியில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும் அண்ணா என்றார். ஸ்கிரிப்ட் என்றால் சினிமாக்காரர்கள் எழுதுவது இல்லை. கம்ப்யூட்டருக்கு நாம் எழுதி வைக்கிற உத்தரவு. கால் மணிக்கு ஒரு தடவை அது தானாகவே அந்த சர்வரோடு பேசும். உன்னிடம் என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது என்று கேட்கும். சர்வர் பெயர்களை லிஸ்ட்டாகக் கொடுக்கும். போன தடவை வாங்கிய லிஸ்ட்டோடு இதை ஒப்பிட்டு, புதுப் பெயர் இருந்தால் அந்த ஃபோல்டரை இங்கே கொண்டு வரும். வந்தது என்று குறித்துக்கொள்ளும். இவ்வளவுதான்.

யோசனை என்னுடையது, டைப் அடித்தது அவர். இதை அவர் முன்னாலேயே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொள்வார். ஸ்டுடியோக்காரருக்கு மெசேஜ் போக வேண்டும் என்றதும் நான்தான். அதன் வாசகமும் என்னுடையதே: ‘தங்கள் ஆல்பம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நன்றி.’ அவர் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தார். பத்திரமாக என்ற சொல்லில் இருக்கிற மரியாதை அதில் இல்லை.

ஒரு தடவை எடுத்த ஃபோல்டரை ஸ்கிரிப்ட் திரும்பிப் பார்க்கவே கூடாது என்று கறாராகச் சொன்னேன். மூன்று காப்பி அடித்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். பிரபாகர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணா, ஒரு சின்ன டவுட். ஃபோல்டர் இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்லேன்னா என்ன பண்ணலாம்?”

“காலி கவர்ல ஸ்டாம்ப் ஒட்டி எவனாச்சும் போஸ்ட் பண்ணுவானா சார்? நீங்க எழுதுங்க.”

அவர் எழுதினார். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பதில். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதல் நாளே புது ஆள் வேலையில் அசத்திவிட்டான். டீ கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை, செல்போன் நோண்டவில்லை. கடைக்கு வந்தவர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு போய் அந்தக் கறுப்புத் திரையைக் காட்டினேன். அதில் என்ன ஓடுகிறது என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள்.

2. கீழ்க்கட்டளை வரதன்

எங்கள் வாடிக்கையாளர்களில் வரதனை மாதிரி ஒழுங்கான ஸ்டுடியோக்காரர் கிடையாது. கீழ்க்கட்டளையில் சின்ன ஸ்டுடியோ. பில்லில் தகராறு வராது, பேச்சில் பொய் வராது. ஆனால் தினசரி காலண்டரைப் பார்க்காமல் லென்ஸ் மூடியைக்கூடக் கழற்ற மாட்டான். பென் டிரைவுக்குக் குங்குமம் வைத்துக் கொண்டு வருவான். ராகு காலமாக இருந்தால் கடைக்கு எதிரே ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருப்பான். உள்ளே வந்து ஃபேனுக்குக் கீழே உட்காரு என்றாலும் வர மாட்டான்.

அவனை சர்வருக்கு மாற்றியதும் நான்தான். பாலம் ஏறி டிராஃபிக்கில் மாட்டி உன் நல்ல நேரத்தை எல்லாம் ரோட்டில் விடுகிறாயே, இருந்த இடத்திலிருந்தே சுபமுகூர்த்தத்தில் அனுப்பலாமே என்று ஒரு வார்த்தை சொன்னேன். வேறு எந்த வசதியைச் சொல்லியிருந்தாலும் அசைந்திருக்க மாட்டான். இதற்கு உடனே சரி என்றுவிட்டான்.

சர்வர் வழியாக அவன் அனுப்பிய முதல் கல்யாணம், அவனுடைய தெருவிலேயே இருக்கிற ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருடைய பெண் மதுமிதாவுடையது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. லீவு குறைவு என்பதால் தாலி கட்டிய கையோடு விமானம் ஏறிவிட்டார். பெண் அவரோடு போய்ச் சேர விசா வேண்டும். நேர்காணலுக்கு ஒரு வியாழக்கிழமை காலை என்று தேதி வந்துவிட்டது. கல்யாணம் நிஜமாகவே நடந்தது என்று காட்ட முழு ஆல்பத்தைக் கையோடு கொண்டு போங்கள், உதிரிப் படமெல்லாம் எடுபடாது என்று விசா ஏஜெண்ட் அழுத்திச் சொல்லியிருந்தார். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெண் நாவலூரில் பார்த்த வேலையையும் விட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை வரதனுக்கு ‘தங்கள் ஆல்பம் பத்திரமாக வந்து சேர்ந்தது’ என்று மெசேஜ் போனது. அதைப் பார்த்து அவன் வாத்தியாரிடம் சொன்னான். வாத்தியார் வீட்டில் சொன்னார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆல்பம் கைக்கு வரும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அதுவரை யாரும் யாருக்கும் போன் பண்ணவில்லை. மெசேஜ் வந்த பிறகு எதற்குப் போன்?

3. உள்ளே காற்று

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரதனும் வாத்தியாரும் சேர்ந்தே வந்தார்கள். நான் பைண்டிங் பக்கம் போய்க் கேட்டேன், அப்படி ஓர் ஆல்பம் வரவே இல்லை என்றார்கள். பிரிண்டிங்கில் கேட்டேன், அங்கேயும் இல்லை. கம்ப்யூட்டரில் பார்த்தேன். ‘மதுமிதா கல்யாணம்’ என்று ஃபோல்டர் இருந்தது. திறந்தேன். ஒரு படம்கூட இல்லை.

“இன்னா வரதா இது? ஃபோல்டர் கீது, உள்ள காத்து கீது. படமே அனுப்பாம ஆல்பம் கேக்க வந்துகிறே?”

“அனுப்பலையா? உங்க மெசேஜ் வந்திருக்கு பாருண்ணா.” போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். என் வாசகமே என்னைப் பார்த்துச் சிரித்தது.

நான் விடவில்லை. என் ஸ்கிரிப்ட் பொய் சொல்லாது என்றேன். அவன் தன் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் நூறு பெர்சென்ட் என்று காட்டியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். உன் கம்ப்யூட்டர் காட்டினால் போதுமா, சர்வருக்கு வந்து சேர வேண்டாமா என்றேன். அவன் சாமி மேல் சத்தியம் என்றான். குரல் ஏறிக்கொண்டே போனது. வரிசையில் நின்ற மற்ற ஸ்டுடியோக்காரர்கள் வந்த வேலையை மறந்துவிட்டு வசதியாகச் சாய்ந்து நின்றுகொண்டார்கள்.

வாத்தியார்தான் நடுவில் வந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“நீங்க ரெண்டு பேரும் யார் சரின்னு அப்புறம் பாத்துக்கலாம். வியாழக்கிழமை காலையில என் பொண்ணு எதைக் கையில எடுத்துட்டுப் போகும்? அதை மட்டும் சொல்லுங்க.”

பிரபாகருக்குப் போன் போட்டேன். கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேரும் வரை மூன்று பேரும் காத்திருந்தோம். டீ வரவழைத்தேன், யாரும் குடிக்கவில்லை.

பிரபாகர் பையைக்கூடக் கழற்றாமல் திரை முன்னால் உட்கார்ந்தார். ஸ்கிரிப்ட் குறித்து வைத்ததைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஃபோல்டர் வந்தது, எடுத்தது, முடிந்தது என்று இருந்தது. பிறகு வரதன் பக்கம் திரும்பினார்.

“எப்ப சார் அனுப்புனீங்க?”

“ஒன்பதரைக்கு ஆரம்பிச்சேன் சார். பன்னெண்டுக்கு மேல அனுப்புனேன்.”

“நடுவுல?”

“நடுவுல ராகு காலம்.” வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் ராகு காலம் என்பதுகூடத் தெரியாத ஆளா என்பது போல அவரைப் பார்த்தான்.

மெதுவாகக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது. ஒன்பதரை மணி நல்ல நேரத்தில் வரதன் சர்வரில் ஃபோல்டரைப் போட்டிருக்கிறான். பெயர் எழுதியிருக்கிறான். கற்பூரம் காட்டினானோ என்னவோ, நான் கேட்கவில்லை. கல்யாணப் படங்கள் எல்லாம் கனமான ஃபைல்கள், ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், நடுவில் ராகு காலம் வந்து மாட்டும். ஆகவே தொடக்கத்தை நல்ல நேரத்தில் வைத்துவிட்டு, படங்களைப் பன்னிரண்டு மணிக்கு மேல் ஏற்றியிருக்கிறான். நடுவில் என் ஸ்கிரிப்ட் போய் லிஸ்ட் கேட்டிருக்கிறது. சர்வர் புதுப் பெயரைக் கொடுத்திருக்கிறது. ஸ்கிரிப்ட் அந்தக் காலி ஃபோல்டரை இரண்டு கையாலும் தாங்கிக் கொண்டு வந்து வைத்துவிட்டு, வந்தது என்று குறித்து, பத்திரமாக என்று மெசேஜும் அனுப்பிவிட்டு, நான் சொன்னபடியே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறது. படங்கள் எல்லாம் அத்தனை நாளும் சர்வரில்தான் இருந்தன.

“காலி ஃபோல்டரை எதுக்கு சார் முன்னாடியே போட்டீங்க?” என்றார் பிரபாகர்.

இதற்கு வாத்தியார் பதில் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் கணக்கு வாத்தியார். நஷ்டமும் அவருக்குத்தான். ஆனாலும் வரதன் பக்கம் பேசினார்.

“அதுல என்ன சார் தப்பு? நாங்க புது வீட்டுக்குப் பால் காய்ச்சிட்டு, சாமான் எல்லாம் ரெண்டு மாசம் கழிச்சுதான் கொண்டு வந்தோம். நீங்க காய்ச்சலையா?”

பிரபாகர் அப்போதுதான் தோளில் இருந்த பையைக் கழற்றினார். நாவலூரில் அவர் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறார். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தவர்தான், இன்னும் என் மாடியில்தான் குடியிருக்கிறார். ஆக அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் தெரிந்த விஷயம் ஸ்கிரிப்டுக்கு மட்டும் தெரியவில்லை. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

4. ஒரே நாளில் ஆல்பம்

அன்றைக்கே படங்களை இறக்கிப் பிரிண்டிங்குக்கு அனுப்பினேன். எங்கள் தொழிலில் ஒட்டிய ஷீட்டுகளை ஒரு முழு நாள் அழுத்தி வைத்து, பசை காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். மற்ற எந்த லேபிலும் இந்த நிலைமையில் முடியாது என்று கையை விரித்திருப்பார்கள். நான் முடியும் என்றேன். புதன்கிழமை காலையிலிருந்து நானே பசை பூசினேன், நானே ஒட்டினேன். ஃபேனைக் கிட்டே இழுத்து வைத்துக் காய வைத்தேன். சாயங்காலம் வெட்டி, அட்டை போட்டு, தங்க நிறத்தில் இரண்டு பெயரையும் பதித்துக் கட்டிக் கொடுத்தேன். இந்த வேகத்தில் தாம்பரத்தில் யாரும் ஆல்பம் போட்டதில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தம் தேவை என்று மட்டும் மனதில் பட்டது.

“சார், இப்ப பிரிக்காதீங்க. வூட்டுக்குப் போய் இது மேல அரிசி மூட்டையைத் தூக்கி வெச்சிடுங்க. காலைல கிளம்பும்போது எடுத்தா போதும்.”

வாத்தியார் தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்.

அன்றைக்கே பிரபாகர் ஸ்கிரிப்டைத் திருத்தவும் உட்கார்ந்தார். படங்கள் எல்லாம் ஏறி முடிந்ததும், ஸ்டுடியோக்காரர் கடைசியாக ‘முடிந்தது’ என்ற பெயரில் ஒரு சின்ன ஃபைலைப் போட வேண்டும். லிஸ்ட்டில் அந்தப் பெயர் இருந்தால் மட்டும் ஸ்கிரிப்ட் எடுக்கும். நல்ல யோசனைதான். எல்லா ஸ்டுடியோவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள், வரதனைத் தவிர.

“கல்யாண ஃபோல்டர்ல முடிஞ்சதுன்னு எழுதச் சொல்றியேண்ணா, வாய் கூசலையா உனக்கு?”

நியாயமாகத்தான் பட்டது. பெயரை ‘சுபம்’ என்று மாற்றச் சொன்னேன். பிரபாகர் மாற்றினார். வரதனுக்கு மனம் நிறைந்துவிட்டது. மறுநாள் வியாழக்கிழமை காலை, மதுமிதா விசா ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், அவனுடைய அடுத்த கல்யாணம் சர்வருக்கு வந்தது. ஸ்கிரிப்ட் எடுத்துவிட்டது என்று கம்ப்யூட்டர் மணி அடித்த சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் இருந்தது. உள்ளே சுபம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

போன் போட்டுக் கேட்டேன். சுபம் என்கிற மங்கலமான பெயரை முதலில் போடாமல் கடைசியில் யாராவது போடுவார்களா, நல்ல நேரத்தில் அதைத்தான் முதலில் போட்டேன் என்றான். பிரபாகருக்கு இதைச் சொன்னபோது அவர் மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தார்.

5. பிரிக்காத ஆல்பம்

வியாழக்கிழமை சாயங்காலம் வாத்தியாரிடமிருந்து போன் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. நானாகப் பேசவும் தைரியம் வரவில்லை. நாற்பது வருஷம் தொழிலில் இருக்கிறேன், ஒரு ஆல்பத்துக்காக நான் இப்படிப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

சனிக்கிழமை அவரே வந்தார். கையில் ஆல்பம். கவுண்டரில் வைத்தார். மரப்பலகை வைத்த மாதிரி சத்தம் கேட்டது.

“விசா கிடைச்சிருச்சு,” என்றார். “அடுத்த வாரம் கிளம்புது. ஆனா இதைப் பிரிக்க முடியல.”

வாங்கிப் பார்த்தேன். அட்டை திறந்தது. அதற்குமேல் ஒன்றும் திறக்கவில்லை. காயாத பசை மேல் அரிசி மூட்டை ஏறியதும் அது ஓரங்களில் பிதுங்கி வந்து, மொத்த ஷீட்டையும் ஒரே கட்டையாக்கிவிட்டது. முகூர்த்தம், நலங்கு, பந்தி எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. யாராலும் பார்க்க முடியாது. எத்தனை மூட்டை வைத்தீர்கள் என்றேன். வீட்டில் இருந்த இரண்டையும் வைத்தேன் என்றார்.

“அப்ப அங்க எப்படி சார் பாத்தாங்க?”

“எங்க பாத்தாங்க? இவ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆல்பத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. காலைலயே பிரிக்க வரலை, அங்க பிரிக்கச் சொல்லிடுவாங்களோன்னு பயம். அந்த ஆபீசர் அட்டையைப் பாத்துட்டு, வெட்டிங் ஆல்பமான்னு கேட்டாராம். ஆமான்னாளாம். சரின்னு எழுதிக்கிட்டாராம்.”

“அங்கயும் நம்ம ஸ்கிரிப்ட்தான் ஓடுது போல,” என்றேன்.

வாத்தியார் முதலில் முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அந்த ஆல்பத்தைத் திரும்பப் போட்டோம். இந்தத் தடவை நான் வேகத்தைக் காட்டவில்லை. முழுசாகக் காய வைத்து, வெட்டி, கவுண்டரில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்துப் போக வேண்டும் என்றேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே திருப்பினார். தாலி கட்டுகிற பக்கத்தைச் சீக்கிரமே தாண்டினார். பந்திப் பக்கத்தில் நின்றுவிட்டார். வாயில் அப்பளத்தை வைத்துக்கொண்டு பெண் காமிராவைப் பார்த்து முறைக்கிற படம். நல்லா இல்லை, எடுத்துவிடலாம் என்று வரதன் சொன்னானாம், இருக்கட்டும் என்று இவர்தான் வைக்கச் சொன்னாராம். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. முகூர்த்த சீசன். ஒருவர் தொண்டையைச் செருமினார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன்.

புதிதாக லேப் வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்கிரிப்ட் வையுங்கள், என்னைப் போல வையுங்கள். சர்வரிடம் லிஸ்ட் வாங்கினால் பெயர்தான் வரும். உள்ளே எத்தனை ஃபைல், எவ்வளவு கனம் என்றும் கேட்கச் சொல்லுங்கள். கால் மணி கழித்து மறுபடி கேட்கச் சொல்லுங்கள், கனம் ஏறாமல் நின்றிருந்தால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பிரபாகர் இப்போது அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். இந்த யோசனையும் என்னுடையதுதான் என்று கடையில் எல்லோரும் அறிவார்கள். அதன் பிறகும், ஆல்பம் யாருக்காகவோ அவர் உங்கள் கண் முன்னால் கடைசிப் பக்கம் வரை திருப்பி முடிக்கும் வரைக்கும், பத்திரமாக வந்து சேர்ந்தது என்று யாருக்கும் மெசேஜ் அனுப்பாதீர்கள்.